நிற்பதற்கு ஒரு படகு

கொக்கு கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தார்.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில். கால்களைச் சேர்த்து வைத்து, கைகளைத் தொங்கவிட்டு. முதலில் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்குச் சரியாகிவிட்டதோ என்று நினைத்த நேரத்தில் தரை இடப்பக்கமாகச் சரியத் தொடங்கியது. அவசரமில்லாமல், யாரோ பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவது போல. கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். கண்ணைத் திறந்தார். தரை இருந்த இடத்தில்தான் இருந்தது.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் எப்போதோ போய்விட்டது. போகிற போக்கில் இடது காதில் ஓர் இரைச்சலை விட்டுவிட்டுப் போனது. கூடவே, தலையைச் சட்டென்று திருப்பினால் உலகத்தைப் புரட்டிப் போடுகிற கிறுகிறுப்பையும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சுவரோரமாக நடக்கப் பழகிக்கொண்டார். உட்கார்ந்தபடியே சவரம் செய்துகொண்டார். யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பினார். வயதாகிறது, நிதானம் வந்துவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

“கிளம்பலாமா?” உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

“ம்.”

கொக்கு என்பது காயலில் வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே ஆள் தெரியாது. படகின் முன்முனையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, எடை முழுவதையும் ஒரே காலில் தாங்கி, மீன் வரும்வரை ஆடாமல் அசையாமல் அவரைப் போல நின்ற ஆள் அந்தத் தண்ணீரில் கிடையாது.

அந்த ஆள்தான் இன்று படகு வாங்கப் போகிறார்.

பழைய படகின் கதை போன வாரம் முடிந்துபோனது. சேற்று மேட்டில் சிக்கியதைக் கயிறு கட்டி இழுத்ததில் அடி நீளவாக்கில் பிளந்துவிட்டது. அது கடலுக்கென்று கட்டிய படகு. ஆப்பு போலக் கூரான அடி. அலையை வெட்டிக்கொண்டு போகும். தண்ணீர் குறைந்த இடத்துக்கு வந்தால் தரையில் குத்திக்கொண்டு நிற்கும். முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டு வருகிற இந்தக் காலத்தில் காயல் முழுக்கவே தண்ணீர் குறைந்த இடம்தான். மீனெல்லாம் முழங்கால் ஆழத்துப் புல் திட்டுகளில் ஒதுங்கியிருக்கிறது. அங்கே மோட்டார் ஓடாது. பின்னாலிருந்து ஒருவர் கம்பு ஊன்றித் தள்ள, முன்னால் ஒருவர் நின்று வலை வீச வேண்டும்.

நிற்க வேண்டும். அங்கேதான் அவருக்கு மூச்சு நின்றது.

மறுபடியும் கூர் அடிப் படகே வாங்கிவிட்டால் நிற்க வேண்டியதில்லை. நடுக்கால்வாயின் ஆழத்தில் வலையை இறக்கிவிட்டு உட்காரலாம். உட்கார்ந்தே இழுக்கலாம். மீன் வராது, அது அவருக்குத் தெரியும். வராத மீனுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். நிற்க முடியாததற்கு என்ன சொல்வது?

*

மனைவியின் தம்பி தன் சின்ன லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலே ஹாரன் அடித்தான். கொக்கு பிடிக்கிற மீனைச் சந்தைக்குக் கொண்டுபோவது அவன்தான். படகு வேலை செய்யாத நாட்களில் லாரியும் சும்மா நிற்கும். அவன் வாய் மட்டும் சும்மா இருக்காது.

மூன்று பேரும் முன்சீட்டில் நெருங்கி உட்கார்ந்தார்கள். மனைவி நடுவில்.

“மச்சான், நான் முடிவே பண்ணிட்டேன்,” என்றான் தம்பி. “தட்டை அடிதான். ரெண்டாவது பேச்சே இல்ல. வீட்டுத் தரை மாதிரி இருக்கும். நீங்க போய் நின்னா போதும், மடவை மீன் தானா வந்து மடியில விழும்.”

“தட்டை அடி காத்துக்கு நிக்காது மாப்ளே. பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே போகும்.”

“காயல்ல என்ன பெரிய காத்து?”

“அலை வந்தா அடியில பளார் பளார்னு அறையும்.”

“படகைத்தானே அறையுது? உங்களையா அறையுது?”

கொக்கு சன்னலுக்கு வெளியே ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குக் கூர் அடிதான் பழக்கம்.”

“பழக்கமானது சேத்துல வயித்தைக் கிழிச்சுக்கிட்டுக் கெடக்கு. இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழுவீங்களா? அக்கா, நீ ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னா மட்டும் கேட்டுடுவாரா?” என்றாள் அவள்.

அவளுக்குத் தெரியாதா, அவர் ஏன் கூர் அடியைக் கேட்கிறார் என்று? மணல் மூடாத ஒரு சின்ன வழி முகத்துவாரத்தில் இன்னும் இருக்கிறது. கூர் அடிப் படகு இருந்தால் அதன் வழியாகக் கடலுக்குப் போகலாம். காய்ச்சலுக்கு முன்னால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அப்படிப் போனார். திரும்பி வரும்வரை அவள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வந்தவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை. வீட்டில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அதனால்தான் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கடல் வலைகள் எல்லாவற்றையும் அக்கரையில் இருந்த சித்தப்பா மகனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். எழுந்து வந்து பார்த்தால் சண்டை போடுவார் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் வலை இருந்த மூலையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பேசாமைதான் அவளை இத்தனை நாளும் அரித்தது. சண்டை போடுகிறவரைச் சமாளிக்கலாம். பேசாமல் இருக்கிறவர் உள்ளுக்குள் என்ன தீர்மானம் செய்திருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

*

படகுப் பட்டறை தண்ணீர் ஓரத்தில், தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. உள்ளே ஃபைபர் படகுக்கான அச்சுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பிசின் வாடை மூக்கைக் குத்தியது. பட்டறைக்காரரின் புருவம் வரை வெள்ளைத் தூசி.

“வாங்க, வாங்க. கொக்கு நம்ம பட்டறைப் பக்கம் பறந்து வந்திருக்கு,” என்றார்.

கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார். அதில் மூன்று படகுகள் மிதந்தன. பார்க்க வருகிறவர்கள் அதில் ஏறித்தான் பார்க்க வேண்டும். தரையில் வைத்து அவர் படகு விற்பதில்லை.

“இது உருண்டை அடி,” என்று முதல் படகைக் காலால் தொட்டார். அது தொட்ட மாத்திரத்தில் ஆடியது. “வாத்து மாதிரி. மெதக்கிறப்ப அழகா இருக்கும். நடுவுல நின்னு தும்மினா கவுத்துடும். உங்களுக்கு வேணாம்.”

அடுத்தது கூர் அடி. அவர் குனிந்து, படகின் பக்கத்தில் கையை நேராகத் தண்ணீருக்குள் விட்டு அதன் அடியைத் தொட்டுக் காட்டினார். முழங்கை வரை நனைந்தது. “காலிப் படகே இவ்வளவு அமுங்குது. மோட்டாரும் ஆளும் மீனும் ஏறினா இன்னும் இறங்கும்.”

மூன்றாவது தட்டை அடி. அதன் பக்கத்தில் கையை விட்டார். மணிக்கட்டு கூட நனையவில்லை.

“போதுமே,” என்றான் தம்பி. “கண்ணால பாத்தாச்சு. கட்டச் சொல்லிடலாம்.”

கொக்கு பேசாமல் கூர் அடிப் படகுக்குள் இறங்கினார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இறங்கிய வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கையால் உட்பலகையைத் தட்டினார். “இதுதான் படகு. உக்காந்தவுடனே தெரியுது பாரு.”

“எந்திரிச்சு நில்லுங்க,” என்றார் பட்டறைக்காரர்.

“எதுக்கு? உக்காந்தே தெரியுது.”

“நம்ம பட்டறையில ஒரு வழக்கம் உண்டு, கொக்கு. எவன் நின்னு வலை வீசப்போறானோ அவன் இங்கேயே நின்னு ஒரு வீச்சு வீசிக் காட்டணும். அப்புறம்தான் கட்டறதைப் பத்திப் பேச்சு. நிக்காம வாங்கிட்டுப் போனவன்லாம் திரும்பி வந்து என்னைத்தான் திட்டறான்.”

“இவருக்கா நின்னு காட்டணும்?” தம்பி சிரித்தான். “மீனுக்கு நீந்திக் காட்டச் சொல்ற மாதிரி இருக்கு.”

“கூர் அடியில நின்னு வீசறது கஷ்டம்தான்,” என்றார் கொக்கு. “அதனால என்ன? வலையை இறக்கிட்டு உக்காந்து இழுப்பேன். அதுவும் தொழில்தானே?”

“நடுக்கால்வாயிலயா?” தம்பியின் சிரிப்பு நின்றது. “அங்க இப்ப நண்டுகூட நடக்கறதில்லயே மச்சான். லாரியில எதை ஏத்திக்கிட்டுப் போவேன்? தண்ணியையா?”

கொக்கு உட்பலகையை மறுபடி தட்டினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் அவர் தலைக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டதா என்று இருந்தது அவளுக்கு. தொழில் போனாலும் பரவாயில்லை, கடலுக்குப் போகிற படகு வேண்டும் என்கிறாரே.

வெளியே யாரோ லாரியை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்கள். வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. “நான் வர்றதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டுத் தம்பி போனான். “அப்படியே டீசலும் போட்டுக்கிட்டு வந்துடறேன்.”

*

அவன் போனபிறகு கொட்டகை அமைதியானது. தகரக் கூரையில் வெயில் முறுக்கும் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது.

“அதுலயும் ஒரு தடவை ஏறிப் பாருங்க,” என்றாள் மனைவி. “எனக்காக.”

எனக்காக என்று அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. கொக்கு அவளைப் பார்த்தார். பிறகு தட்டை அடிப் படகுக்குப் போனார்.

காலை வைத்ததும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. படகு அசையவில்லை. இரண்டாவது காலையும் வைத்தார். பிடி இல்லாமல் நிமிர்ந்தார். உண்மையாகவே வீட்டுத் தரை மாதிரிதான் இருந்தது. எதிர்க்கரையில் ஒரு மரக்கட்டை நட்டு வைத்திருந்தார்கள். அதன் மேல் கண்ணை ஊன்றிக்கொண்டு முன்முனைக்கு நடந்தார். நின்றார். காற்று முகத்தில் பட்டது. எத்தனை நாளாயிற்று இந்த உயரத்திலிருந்து தண்ணீரைப் பார்த்து. ஒருவேளை முடியுமோ என்ற எண்ணம் அவருக்குள் மெல்லத் தலைதூக்கியது. இந்தப் படகில் மட்டும் முடியுமோ?

பட்டறைக்காரர் ஒரு பழைய வலையை நீட்டினார். கொக்கு வாங்கித் தோளில் போட்டார். விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒரு மடிப்பு முழங்கையில், ஓர் ஓரம் பல்லில், மீதி கையில். மரக்கட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இவ்வளவும் செய்துவிட்டார்.

ஆனால் வீசுவதற்கு உடம்பை இடப்பக்கம் முறுக்கித் திரும்ப வேண்டும். உடம்போடு தலையும், தலையோடு கண்ணும் திரும்பும். அது இல்லாமல் வலை விரியாது.

அவர் திரும்பினார்.

வானம் பக்கவாட்டில் ஓடியது. படகு அப்படியே இருந்தது. அவர்தான் அதில் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். வாய்க்காலில் முழங்கால் அளவுதான் தண்ணீர். வலை பாதி தலைமேல், பாதி தண்ணீரில்.

பட்டறைக்காரர் சிரிக்க வாயெடுத்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். “கலக்கி வெச்ச பிசின் கெட்டியாயிடும்,” என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். வலையை அவர் தலையிலிருந்து எடுத்தாள்.

“வழுக்கிடுச்சு,” என்றார்.

அவள் வலையை உதறிப் படகுக்குள் போட்டாள்.

“பலகை ஈரம்.”

“காஞ்சுபோய்த்தான் இருக்கு.”

அவர் எழுந்திருக்க முயலவில்லை. தண்ணீர் தெளியும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். அதற்கும் அந்தப் படகு சாயவில்லை. சுவரோர நடை, சவரம், உடம்போடு திரும்புவது எல்லாம் ஒவ்வொன்றாக அவள் மனதில் வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. தினமும் கண்ணெதிரே நடந்தவை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், வேறெதையோ தேடிக்கொண்டு.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டாள்.

“காய்ச்சல்லேர்ந்து.”

“எப்பவுமா?”

“தலையைத் திருப்பினா. கண்ணை மூடினா. சில நாள் சும்மாவே.”

தூரத்தில் யாரோ மரத்தை இழைக்கும் சத்தம் வந்து நின்றது.

“நீங்க கடலுக்குப் போறதுக்குத்தான் கூர் அடி கேக்கறீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் வலையெல்லாம் தூக்கிக் குடுத்தேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நீ ஏன் குடுத்தேன்னு சொல்லுவே. நான் கடலுக்குப் போகமாட்டேன்னு சொல்லணும். ஏன் போகமாட்டீங்கன்னு கேப்பே.” அவர் தண்ணீருக்குள் கையை விட்டு மணலை அள்ளினார், விரல் இடுக்கு வழியாக விட்டார். “கடல் பைத்தியம்னு நீ நெனச்சுக்கிட்டு இருந்தது எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு. அதுல ஒரு கௌரவம் இருக்கு பாரு.”

அவளுக்குக் கோபம் வந்தது. தாமதமாக வந்தாலும் முழுசாக வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. “அப்ப, மீன் வராத படகுன்னு தெரிஞ்சே வாங்கியிருப்பீங்க. வாங்கி அதுல தெனமும் போய் உக்காந்திருப்பீங்க. நானும் தம்பியும் உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்திருக்கணும்.”

“ஆமா,” என்றார்.

அவர் மறுத்திருந்தால் அவளிடம் இன்னும் நிறைய இருந்தது சொல்ல. மனிதர் ஈரச் சட்டையோடு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை மாதமாகத் தனியாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறார், ஆடாத தரையில்.

கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தபிறகும் அவள் கையை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை.

“ஏறி உக்காருங்க,” என்றாள். “முன்னால.”

“நீ?”

“நான் நிக்கறேன்.”

*

கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த கம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் படகில் கம்பு ஊன்றியிருக்கிறாள். அது ஆற்றுத் தண்ணீர், அப்போது உடம்பும் வேறு. பின்பக்கத்தில் ஏறி நின்று கம்பைத் தரையில் ஊன்றித் தள்ளினாள். படகு நேராகப் போகாமல் வட்டமடித்தது.

“நடுவுல ஊன்றாதே. பக்கத்துல, காலுக்கு நேரா,” என்றார் கொக்கு, முதுகைக் காட்டியபடியே.

“திரும்பாமலே எப்படித் தெரியுது?”

“படகு போற போக்குலயே தெரியுது.”

காலுக்கு நேராக ஊன்றினாள். படகு சறுக்கிக்கொண்டு வாய்க்காலை விட்டு வெளியே, திறந்த தண்ணீருக்குப் போனது. அடியில் சேறு உரசும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு மேலே ஏறி இறங்கியது. கூர் அடியாக இருந்தால் இந்த இடத்தில் இறங்கித் தள்ளியிருக்க வேண்டும். காற்று வந்தபோது படகு கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தது. அவர் லாரியில் சொன்னது அத்தனையும் பொய் இல்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்து அவருக்குத் தண்ணீரின் மேல் வெயில் பளபளப்பதுதான் தெரிந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நிற்கிறவர் கண்ணுக்குத்தான் தண்ணீர் திறக்கும். இதை அவர் நினைக்கவே இல்லை. நிற்காவிட்டால் வீச முடியாது என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது. பார்க்கவும் முடியாது என்பது இப்போதுதான் உறைத்தது.

கடைசியில் கேட்டார். “வலப்பக்கம் என்ன தெரியுது?”

“புல்.”

“என்ன நிறம்?”

“பச்சைதான். நடுவுல ஒரு இடம் கலங்கின மாதிரி இருக்கு.”

“கலங்கல் நிக்குதா, நகருதா?”

அவள் கம்பை ஊன்றி நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “நகருது. நம்மளை விட்டுத் தள்ளிப் போகுது.”

“மடவைக் கூட்டம். சேத்தை மேஞ்சுக்கிட்டுப் போகுது. முன்னால போய் மடக்கணும். பின்னாலயே போனா ஓடிடும்.” அவர் கை தானாக உயர்ந்து வழி காட்டியது. “தூரத்துல நட்டிருக்கற அந்தக் குச்சிக்கு நேரா விடு. மெதுவா. கம்பை எடுக்கறப்ப சத்தம் வரக்கூடாது.”

விட்டாள். கம்பு சத்தம் போட்டது. கலங்கல் சிதறி மறைந்தது.

“போச்சு,” என்றாள்.

“போகட்டும். பாத்தியே, அது போதும்.”

அவர் குரலில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. முதுகு மட்டும் தெரிகிற ஆளின் முகத்தை அவளால் படிக்க முடியவில்லை. ஈரச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அழுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. கேட்காமல் விடுவதும் சில நேரம் ஒரு துணைதான் என்று பட்டது.

திரும்பி வந்தபோது பட்டறைக்காரர் கரையில் காத்திருந்தார். கையில் அளவு நாடா. யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்பதைப் பார்த்தார்.

“தட்டை அடியா?”

“தட்டை அடி,” என்றாள் அவள். “முன்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். அப்பதான் சேத்துல ஏறும். காத்துக்குத் தள்ளாம இருக்க அடியில நீளமா ஒரு சட்டம் வெக்க முடியுமா?”

“விரல் உயரத்துக்கு வெக்கலாம். அதுக்கு மேல வெச்சா தட்டை அடி எதுக்கு? முன்னால பலகை எந்த உயரம்?”

“உக்கார்ற உயரம். முதுகு சாய ஒரு தடுப்பும் வேணும்.”

“நிக்கற பலகை?”

“பின்னால. எனக்கு அளவெடுங்க.”

அவர் நாடாவை நீட்டி அவள் இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்தார். கொக்கு படகிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலை வீசறது?” என்று பட்டறைக்காரர் தயங்கிக் கேட்டார்.

“பழகிக்கறேன். அதுவரைக்கும் இறக்கு வலை போட்டு வளைச்சுக்குவோம். அதை உக்காந்துக்கிட்டே விடலாம்.” அவள் கணவனைப் பார்த்தாள். “விடலாம்தானே?”

“விடலாம்,” என்றார் கொக்கு. “மீன் குறையும். ஆனா வரும்.”

*

தம்பி டீசலோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “தட்டையா? அப்படிப் போடு,” என்று மச்சானின் தோளில் தட்டினான். கை நனைந்தது. “என்ன மச்சான், குளிச்சிட்டீங்களா?”

“வலை வீசினப்ப தண்ணி தெறிச்சிடுச்சு,” என்று மனைவி முந்திக்கொண்டாள். “வண்டியை எடு.”

தண்ணீர் தெறித்தால் சட்டை இப்படி நனையாது. தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். கேள்வியை விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் போன் அடித்தது. வெளியூரில் மருந்துக் கடையில் வேலை செய்கிற மகள். மூன்று பேரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா, படகு பாத்தாச்சா? எது எடுத்தீங்க?”

“தட்டை அடி.”

“அப்பா ஒத்துக்கிட்டாரா? மாமா, என்ன மந்திரம் போட்டே?”

“நான் என்ன போட்டேன்? டீசல்தான் போட்டேன்,” என்றான் தம்பி.

மகள் சிரித்தாள். “சரி, அப்பா அதுல நிக்கற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. கடையில எல்லார்கிட்டயும் காட்டணும். எங்கப்பா கொக்கு மாதிரி நிப்பார்னு சொன்னா இங்க ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க.”

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இதையும் அவளால் சமாளித்துவிட முடியும். போனில் சார்ஜ் இல்லை, படகு இன்னும் கட்டவில்லை, ஏதாவது ஒன்று. கொக்கு அவள் மணிக்கட்டை மெல்லத் தொட்டார்.

“அம்மா,” என்று மகளை அழைத்தார். “அதுல நிக்கப்போறது நான் இல்ல. உங்கம்மா.”

“அம்மாவா? ஏன்?”

“என்னால நிக்க முடியல.”

தம்பியின் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. கொக்கு சாலையின் கோட்டை நேராகப் பார்த்தபடி சொன்னார். காய்ச்சலையும் காதையும் கிறுகிறுப்பையும், வாய்க்காலில் விழுந்ததையும். மீன் பிடித்த கதை சொல்வது போல, ஒன்றன்பின் ஒன்றாக, கூட்டாமல் குறைக்காமல். சொல்லி முடித்தபிறகு போனில், கடைக்குள் யாரோ மாத்திரை கேட்கிற குரல் மட்டும் தூரத்தில் கேட்டது.

“நாளைக்குக் காலையில வர்றேன்,” என்றாள் மகள். “லீவு கேக்கப்போறதில்ல. வேலையை விட்டுட்டு வர்றேன்.”

“அதெல்லாம் எதுக்கும்மா—” என்று தாய் சொல்லத் தொடங்குவதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மூவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை கிடைக்க மகள் எவ்வளவு அலைந்தாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவளைத் திருப்பி அனுப்ப என்ன சொல்வது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. 

எதிரே ஒரு வளைவு வந்தது. தம்பி கியரை மாற்றி, வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, முட்டைக் கூடையை ஏற்றி வந்தவன் போல மெல்லத் திருப்பினான். அடுத்த வளைவையும் அப்படியே. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் கண்டுகொள்ளவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

“இப்படி ஓட்டினா வீடு எப்ப போய்ச் சேர்றது மாப்ளே?” என்றார் கொக்கு.

தம்பி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

“நாளைக்கு அவ வர்றதுக்குள்ள போயிடலாம்,” என்றாள் மனைவி.